ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போன டாக்டர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுப்பா, உன் கம்பெனியைப் பற்றி மட்டும் பேசாதே" என்றார். போன வருடம் பேசியவர் ஒரு மணி நேரம் பாய்லரைப் பற்றியே பேசிவிட்டாராம். அதனால் பொறியியல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், ஒரு டாக்டரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவர் நம் நாட்டுக்காரர் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருந்தவர். பெயர் ஜோசப் வாரன். வாஷிங்டன், ஜெபர்சன், பெஞ்சமின் பிராங்க்ளின் என்றால் நமக்கெல்லாம் தெரியும். வாரன் என்றால் பலருக்குத் தெரியாது. காரணம் எளிது. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டபோது அவர் உயிரோடு இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே, 1775 ஜூன் 17-ம் தேதி, ஒரு குன்றின் மேல் தலையில் குண்டு பாய்ந்து இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 34. இங்கே நிற்கிற எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் என்று நாமெல்லாம் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிற வயது. அந்த வயதுக்குள் ஒரு மனிதர் டாக்டராகப் பேர் வாங்கி, அரசியலுக்கு வந்து, ஒரு மாகாண காங்கிரசுக்குத் தலைவராகி, தளபதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, செத்தும் போய்விட்டார். இதைப் படித்ததிலிருந்து இந்த ஆள் என் மண்டையை விட்டு இறங்கவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டாக்டர் தொழிலை விட்டு அவர் எதற்காக அரசியலுக்குப் போனார் என்பது ஒரு கேள்வி. அந்தக் கடைசி நாளில் அவர் அந்தக் குன்றுக்குப் போனது சரிதானா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியில் எனக்கும் என் பழைய அறைத்தோழனுக்கும் பெரிய சண்டையே நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாரன் 1741-ல், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ராக்ஸ்பரி என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ஆப்பிள் தோட்டம். 1755-ல் ஆப்பிள் பறிக்க ஏணியில் ஏறிய அப்பா தவறி விழுந்து இறந்தார். அந்த வருடம்தான் பதினாலு வயதுப் பையன் ஹார்வர்டு கல்லூரியில் சேருகிறான். 1759-ல் படிப்பு முடிகிறது. ஒரு வருடம் போலப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. முதல் கல்லூரியே 1765-ல்தான் பிலடெல்பியாவில் வந்தது. டாக்டராக வேண்டுமென்றால் ஒரு பெரிய டாக்டரிடம் போய்ச் சேர்ந்து, மருந்து அரைத்து, அவர் பின்னாலேயே வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நாட்டு வைத்தியர்களிடம் சீடர்கள் கற்றது போலத்தான். வாரனுக்கு வாய்த்த குரு ஜேம்ஸ் லாயிட், லண்டனில் பயிற்சி பெற்று வந்தவர். பின்னாளில் அரசியலில் குரு மன்னர் பக்கம் சாய, சீடர் எதிர்ப்பக்கம் போனார்.

வாரனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1764-ல் பாஸ்டனில் வந்த பெரியம்மை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இங்கே கணக்கு இருக்கிறது. எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையை வைத்துத் தடுப்பூசி போட்டது 1796-ல். அதற்கு முன் இருந்த முறை வேறு. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நல்ல உடம்புக்காரரின் தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள். அவருக்கும் அம்மை வரும், ஆனால் லேசாக வரும். பிழைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் பயமில்லை. இது உயிரோடு விளையாடுகிற காரியம். அம்மை குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவும் என்பதால் அவர்களைத் தனியாக வைக்க வேண்டும். பாஸ்டன் துறைமுகத்தில் காசில் வில்லியம் என்று ஒரு கோட்டைத் தீவு. அங்கே அம்மை குத்துவதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி வைத்தார்கள். அங்கே வேலை செய்த டாக்டர்களில் 22 வயது வாரனும் ஒருவர். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமலே குத்துவது என்று ஊர் டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

விளைவு என்ன? அந்த வருடம் தானாக அம்மை கண்டவர்கள் 699 பேர். அதில் 124 பேர் இறந்தார்கள். அம்மை குத்திக்கொண்டவர்கள் 4,977 பேர், இறந்தவர்கள் 46. நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் சாகிற இடத்தில், நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேர் இருந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் வரிசையில் நின்று தோலைக் கீறிக்கொண்டார்கள் என்றால், டாக்டர்களை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! அந்த வருடம் அம்மை குத்திக்கொண்டவர்களில் ஜான் ஆடம்ஸ் என்ற இளம் வக்கீலும் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. வாரனுக்கும் ஆடம்ஸ் குடும்பத்துக்கும் அந்த நாட்களில் ஏற்பட்ட பழக்கம் கடைசி வரை இருந்தது. ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சிக்குச் சிறுவயதில் விரல் எலும்பு மோசமாக முறிந்து, விரலையே எடுக்க வேண்டிய நிலை வந்தபோது, எடுக்காமல் காப்பாற்றியவர் வாரன். அந்தப் பையன் ஆறாவது ஜனாதிபதி ஆனான்.

முதல் கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது என்பது என் எண்ணம். ஊரில் எந்த வீட்டுக் கதவும் ஒரு டாக்டருக்குத் திறக்கும். பணக்கார வியாபாரி வீடும் திறக்கும், கப்பல் கூலியின் வீடும் திறக்கும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகன் சிப்பாய்களோடு தகராறு செய்தான் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் நடுநிசியில் தெருவில் போனால் ஏன் போகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரசியல் செய்ய இதைவிட நல்ல தகுதி என்ன வேண்டும்?

பிரிட்டிஷ் அரசாங்கம் 1765-ல் முத்திரைத் தாள் வரி போட்டது. 1767-ல் டவுன்ஷெண்ட் வரிகள் வந்தன. காகிதம், கண்ணாடி, வர்ணம், தேயிலை என்று எல்லாவற்றுக்கும் வரி. "எங்கள் பிரதிநிதி உட்காராத பாராளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம்?" என்று காலனிக்காரர்கள் கேட்டார்கள். 1768-ல் வாரன் பாஸ்டன் கெசட் பத்திரிகையில் 'உண்மையான தேசபக்தன்' என்ற புனைபெயரில் கவர்னர் பெர்னார்டைக் கிழி கிழி என்று கிழித்து எழுதினார். கவர்னர் பத்திரிகைக்காரர்கள் மேல் அவதூறு வழக்குப் போடப் பார்த்தார். ஜூரிகள் மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் பிரிட்டிஷ் பட்டாளம் ஊருக்குள் வந்து இறங்கியது.

1770 பிப்ரவரி 22-ல், சுங்கத் துறைக்கு உளவு சொல்லி வந்த ஓர் ஆளின் வீட்டைச் சிறுவர்கள் கூடிக் கல்லெறிந்தார்கள். அவன் ஜன்னல் வழியாகச் சுட்டான். கிறிஸ்டோபர் சீடர் என்ற, சுமார் பதினோரு வயதுப் பையன் செத்தான். உடலை அறுத்துப் பரிசோதனை செய்தவர் டாக்டர் வாரன். பதினோரு வயதுப் பிள்ளையின் உடம்பிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்த டாக்டர் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டிருப்பார்? அவர் வீட்டிலும் சின்னக் குழந்தைகள் இருந்தன. பதினோரு நாள் கழித்து, மார்ச் 5-ம் தேதி, பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் ஐந்து பேர் பலியானார்கள். அதைப் பற்றி ஊர் சார்பில் அறிக்கை தயாரித்த மூன்று பேரில் வாரனும் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 1770-ல் ஒரு கறுப்பினச் சிறுவனை வாரன் விலைக்கு வாங்கியதற்கான பத்திரம் இருக்கிறது. விடுதலை, விடுதலை என்று மேடையில் முழங்கியவர் வீட்டில் இப்படி! அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இது தப்பு என்று அதே காலத்தில், அதே ஊரில் சொன்னவர்களும் இருந்தார்கள்.

அரசியலில் வாரனின் உண்மையான வேலை மேடைப் பேச்சு அல்ல. 1772 நவம்பரில் சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியால் பாஸ்டனில் ஒரு கடிதத் தொடர்புக் குழு அமைந்தது. ஒவ்வோர் ஊருக்கும் கடிதம் எழுதி, "எங்கள் குறை இது, உங்கள் குறை என்ன?" என்று கேட்பதுதான் குழுவின் வேலை. முதல் அறிக்கையை மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். உரிமைகள் என்னென்ன என்று எழுதியது ஆடம்ஸ். அந்த உரிமைகள் எங்கெங்கே மீறப்பட்டன என்ற பட்டியல் வாரன். மற்ற ஊர்களுக்கான கடிதம் பெஞ்சமின் சர்ச். இந்த சர்ச் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து பதில் வந்தது. தந்தி இல்லாத, டெலிபோன் இல்லாத காலத்தில், குதிரையும் மையும் வைத்து ஒரு மாகாணத்தையே ஒரு வலையாகப் பின்னிவிட்டார்கள். நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிற பழக்கம்தான் இது. வாரன் அதை மாகாணம் முழுவதற்கும் செய்தார்.

1773 அவருக்குக் கெட்ட வருடம். ஏப்ரலில் மனைவி எலிசபெத் இறந்தார். நான்கு குழந்தைகள், கடைசிப் பையன் ரிச்சர்டு கைக்குழந்தை. அந்த டிசம்பர் 16-ல்தான் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய சம்பவம். கொட்டப்பட்ட சரக்கு யாருடையது தெரியுமா? நம் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு! நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனியைத் தூக்கி நிறுத்த லண்டன் செய்த ஏற்பாடுதான் அந்தத் தேயிலைச் சட்டம். தண்டனையாக 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. ஊரே பட்டினி என்ற நிலை.

சாமுவேல் ஆடம்ஸும் ஜான் ஆடம்ஸும் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரசுக்குப் போய்விட்டார்கள். உள்ளூரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாரன் தலையில் விழுந்தது. செப்டம்பர் 9-ம் தேதி சஃபோக் மாவட்டக் கூட்டத்தில் அவர் எழுதிய 19 தீர்மானங்கள் நிறைவேறின. இந்தச் சட்டங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம், வரியை மன்னரின் கஜானாவுக்குக் கட்ட வேண்டாம், ஊர்ப்படைகள் வாரந்தோறும் பயிற்சி செய்யட்டும், பிரிட்டிஷ் சரக்கு வாங்க வேண்டாம் என்பது சாரம். கூடவே, யாருடைய சொத்துக்கும் சேதம் செய்யாதீர்கள், கலவரத்தில் இறங்காதீர்கள் என்றும் ஒரு தீர்மானம். பால் ரெவியர் என்ற வெள்ளி வேலைக்காரர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சுமார் 300 மைல் குதிரையில் போனார். செப்டம்பர் 17-ல் காங்கிரஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு மாவட்டத் தீர்மானம் பதின்மூன்று காலனிகளில் பன்னிரண்டின் பிரதிநிதிகள் உட்கார்ந்த சபையின் தீர்மானமாக எட்டு நாளில் ஆகிவிட்டது. (பதின்மூன்றாவது ஜார்ஜியா. அவர்கள் அந்தக் காங்கிரசுக்கு ஆள் அனுப்பவில்லை.)

1775 மார்ச் 6-ல், அந்தத் துப்பாக்கிச் சூட்டின் நினைவு நாள் கூட்டம். பிரிட்டிஷ் அதிகாரிகள் கூட்டமாக வந்து பிரசங்க மேடையின் படிகளிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை முன்னால் வைத்துக்கொண்டே வாரன் பேசினார். அன்று ஓர் அதிகாரி உள்ளங்கையில் குண்டுகளை வைத்துக் காட்டினார், வாரன் பேச்சை நிறுத்தாமல் அவர் கை மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஊரார் அவரைப் பற்றி நம்ப விரும்பியது அது.

ஏப்ரல் 18 இரவு. கான்கார்டில் சேர்த்து வைத்திருக்கும் ஆயுதங்களைப் பிடிக்க பட்டாளம் கிளம்புகிறது என்று வாரனுக்குத் தகவல் வருகிறது. சொன்னது யார் என்று இன்று வரை உறுதியாகவில்லை. வாரன் என்ன செய்தார்? வில்லியம் டாஸ் என்பவரைத் தரை வழியாக அனுப்பினார். பால் ரெவியரை ஆற்றைக் கடந்து வேறு வழியாக அனுப்பினார். ரெவியர் தன் பங்குக்கு, தாமே பிடிபட்டாலும் செய்தி போகட்டும் என்று தேவாலயக் கோபுரத்தில் விளக்குக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. பொறியியல் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், இருந்தாலும் இதைப் பார்த்துக் கை தட்டாமல் இருக்க முடியவில்லை! லாங்ஃபெல்லோ பின்னாளில் எழுதிய கவிதையால் ரெவியர் பெயர் உலகப் புகழ் பெற்றது. அனுப்பிய டாக்டரின் பெயர் அந்தக் கவிதையில் கிடையாது.

மறுநாள் காலை, தன்னிடம் மருத்துவம் பயின்று வந்த வில்லியம் யூஸ்டிஸ் என்ற இளைஞரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வாரன் பாஸ்டனை விட்டு வெளியேறினார். திரும்பவே இல்லை. அந்த யூஸ்டிஸும் பிறகு அரசியலுக்குப் போய், போர்த்துறைச் செயலராகவும் மாசசூசெட்ஸ் கவர்னராகவும் ஆனார் என்பது வேறு கதை. அன்றைய சண்டையில் வாரனின் தலைமுடியில் செருகியிருந்த ஊசியைக் குண்டு ஒன்று தட்டிக்கொண்டு போனதாம். ஓர் அங்குலம் தவறியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அடுத்த இரண்டு மாதம் அந்த மனிதர் செய்த வேலை கொஞ்சமல்ல. மாகாண காங்கிரசின் தலைவர் அவர். பாதுகாப்புக் குழுவிலும் அவர். ஆயிரக்கணக்கான விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து பாஸ்டனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு, கூடாரம், சம்பளம், மருந்து எல்லாம் பார்க்க வேண்டும். வெடிமருந்து கையிருப்போ மிகவும் குறைவு. இத்தனைக்கும் நடுவில் பிலடெல்பியாவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு கவலையையும் தெரிவித்தார்கள். முறையான சிவில் அரசாங்கம் ஒன்று மேலே இல்லாமல் ஒரு படை மட்டும் கையில் இருப்பது எங்களுக்கே பயமாக இருக்கிறது, அரசாங்கம் அமைக்க வழி சொல்லுங்கள், படையை நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சண்டையின் நடுவில், தன் சொந்தப் படையைப் பார்த்தே இப்படி யோசிக்கிற அரசியல்வாதியை எத்தனை நாட்டில் பார்க்க முடியும்?

ஜூன் 14-ல் மாகாண காங்கிரஸ் அவரை மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தது. ஜூன் 15-ல் பாதுகாப்புக் குழு பங்கர் ஹில் குன்றைப் பிடித்து அரண் அமைக்கச் சொன்னது. வெடிமருந்து இல்லாமல் இது ஆபத்து என்று வாரன் ஆட்சேபித்ததாகப் பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜூன் 16 இரவு கர்னல் பிரெஸ்காட் தலைமையில் சுமார் ஆயிரம் பேர் மண்வெட்டியோடு போய், பங்கர் ஹில்லை விட்டுவிட்டு, எதிரிக்கு இன்னும் பக்கத்திலிருந்த பிரீட்ஸ் ஹில்லில் வெட்ட ஆரம்பித்தார்கள். கோடு போட்டுக் கொடுத்தவர் ரிச்சர்ட் கிரிட்லி, நம் ஜாதி, எஞ்சினியர். பக்கத்துக்கு ஏறத்தாழ 130 அடி, ஆறடி உயர மண் சுவர், விடிவதற்குள்! காலையில் கடலில் நின்ற போர்க்கப்பல்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

17-ம் தேதி வாரனுக்குக் கடும் தலைவலி. ஆனாலும் மத்தியானம் துப்பாக்கியோடு குன்றுக்குப் போனார். நண்பர் எல்பிரிட்ஜ் ஜெரி முன்கூட்டியே வேண்டாம் என்று தடுத்ததாகச் சொல்வார்கள். அங்கே தளபதி புட்னமும், மண் அரணுக்குள் பிரெஸ்காட்டும், "நீங்கள் மேஜர் ஜெனரல், தலைமை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள். "எனக்கு இன்னும் நியமன உத்தரவு வரவில்லை, சாதாரணத் தொண்டனாக வந்திருக்கிறேன், சண்டை மும்முரமாக நடக்கிற இடத்தைக் காட்டுங்கள்" என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். பட்டாளம் இரண்டு முறை ஏறி வந்து பிணங்களை விட்டுவிட்டு இறங்கியது. மூன்றாவது முறை ஏறியபோது மேலே வெடிமருந்து தீர்ந்துவிட்டது. பின்வாங்கும் நேரத்தில் வாரன் தலையில் குண்டு பாய்ந்தது. பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 1,054 பேர், அதில் இறந்தவர்கள் 226. அமெரிக்கத் தரப்பில் மொத்தச் சேதம் சுமார் 450. பத்து மைலுக்கு அப்பால் ஒரு குன்றின் மேல் அம்மாவோடு நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான், டாக்டர் விரலைக் காப்பாற்றிக் கொடுத்த ஏழு வயது ஜான் குவின்சி ஆடம்ஸ்.

இங்கேதான் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் சண்டை. விடுதியில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். இந்தக் கதையைச் சொன்னதும் போனிலேயே ஆரம்பித்துவிட்டான்.

என் கட்சி இது. போயிருக்கக் கூடாது. காங்கிரஸ் தலைவர் அவர். ஒற்றர்கள் கொண்டுவரும் செய்தி அவரிடம்தான் வருகிறது. கணக்கு, கடிதம், வெடிமருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. சகல பைப்பும் ஒரே வால்வு வழியாகப் போகிற மாதிரி ஓர் ஏற்பாடு. அந்த வால்வைக் கொண்டுபோய் குண்டு விழுகிற இடத்தில் வைப்பார்களா? அன்று அங்கே ஒரு துப்பாக்கி கூடுதலாக இருந்ததால் என்ன ஆகிவிட்டது? காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட ஒரு டாக்டர் இருந்திருந்தாலாவது நாலு உயிர் பிழைத்திருக்கும். தாயில்லாத நாலு பிள்ளைகள் வேறு.

அவன் சொன்னது: "டேய், நீ எஞ்சினியர் மாதிரியே பேசுற. அந்தக் குன்றுக்குப் போங்கடான்னு ஆயிரம் பேரை அனுப்புனது யாரு? அவரு உட்கார்ந்திருந்த கமிட்டி. வெடிமருந்து பத்தாதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அவங்களை அனுப்பிட்டு, நான் முக்கியமான ஆளு, என் தலைக்கு வெலை அதிகம்னு நாற்காலியில உட்கார்ந்திருந்தா, மறுநாள் அந்த விவசாயிங்க மூஞ்சியில எப்படி முழிப்பாரு?"

"அதுக்காக செத்தாதான் ஆச்சா?" என்றேன்.

"சாகப் போகலைடா, கூட நிக்கப் போனாரு" என்றான்.

நானும் விடவில்லை. ஆனால் என் வால்வுக் கணக்கில் அவன் ஒரு ஓட்டையைக் காட்டினான். வாரன் செத்த பிறகு மாகாண காங்கிரஸ் நின்றுவிட்டதா? இல்லை. ஜேம்ஸ் வாரன் என்று இன்னொருவர், பெயர்தான் ஒன்று, சொந்தக்காரர் அல்ல, தலைவரானார். வேலை நடந்தது. அதற்கு முன்பே, ஜூன் 15-ல், பிலடெல்பியாவில் வாஷிங்டனைப் படைத் தலைவராக நியமித்துவிட்டார்கள். குன்றின் மேல் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வாரன் கட்டிய வலை, அவர் இல்லாமலே நிற்கிற அளவுக்குக் கட்டப்பட்டிருந்தது. என் வாதத்துக்கு இது அடிதான். இருந்தாலும் போயிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அவன் பக்கம் என்பது உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பெஞ்சமின் சர்ச் என்ற பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவரும் ஹார்வர்டில் படித்தவர், அவரும் பாஸ்டன் டாக்டர், நன்றாகப் பேசுவார், கவிதை எழுதுவார், வாரனோடு எல்லாக் குழுக்களிலும் பக்கத்தில் உட்கார்ந்தவர். 1775 ஜூலையில் படையின் மருத்துவமனைகளுக்கே தலைமை டாக்டராக நியமிக்கப்பட்டார். சில மாதத்தில் அவருடைய ரகசியக் கடிதம் ஒன்று பிடிபட்டது. பிரிட்டிஷ் தளபதி கேஜுக்கு உளவு சொல்லி வந்தவர் அவர் என்பது அம்பலமாயிற்று. ஒரே படிப்பு, ஒரே தொழில், ஒரே மேஜை. வாரன் இது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் உடலை பிரிட்டிஷார் இன்னொருவர் உடலோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். 1776 மார்ச் 17-ல் பட்டாளம் பாஸ்டனைக் காலி செய்து கப்பலேறிய பிறகு, தம்பிகள் போய்த் தோண்டினார்கள். ஒன்பது மாதமாகிவிட்டது, முகம் தெரியவில்லை. கூடப் போயிருந்த பால் ரெவியர் வாயைப் பார்த்தார். வெள்ளி வேலையோடு பொய்ப்பல் கட்டும் தொழிலும் செய்தவர் அவர். வாரனுக்குத் தாமே கம்பி வைத்துக் கட்டிய பல்லை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. பல்லை வைத்து இறந்தவரை அடையாளம் கண்ட ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

தம்பிகளில் ஒருவர் ஜான் வாரன், அவரும் டாக்டர். சண்டை நடந்ததும் அண்ணனைத் தேடி ஓடியபோது காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கி ஈட்டியால் குத்திய காயம் அவர் உடம்பில் இருந்தது. அவர் படை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1782-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர்தான். அவர் மகன் ஜான் காலின்ஸ் வாரன்தான் 1846 அக்டோபர் 16-ல் பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதர் மயக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறுவை சிகிச்சை செய்து காட்டியவர்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள். வாரன் மறுமணம் செய்துகொள்ள இருந்த மெர்சி ஸ்காலே என்ற பெண்மணி, கல்யாணம் ஆகாமலே, அந்த நாலு பேரையும் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொண்டார். பணம் இல்லை. நாட்டுக்காகச் செத்த தலைவரின் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று காங்கிரசுக்கு மனு மேல் மனு போயிற்று. நாட்டின் கஜானாவே காலி. 1778-ல் 500 டாலர் அனுப்பி உதவியவர் யார் என்றால், தளபதி பெனடிக்ட் ஆர்னால்ட். இரண்டு வருடம் கழித்துக் கோட்டையையே எதிரிக்கு விற்கப் பார்த்து, அமெரிக்காவில் துரோகி என்ற சொல்லுக்கே அர்த்தமாகிப் போன அதே ஆர்னால்ட்! கடைசியில் 1780-ல் காங்கிரஸ் முடிவெடுத்தது. மேஜர் ஜெனரல் சம்பளத்தில் பாதி, கடைசிக் குழந்தைக்கு வயது வரும் வரை. அந்த நியமன உத்தரவு கைக்கு வராமலே செத்தவருக்கு, அந்தப் பதவியின் சம்பளம். கடைசிப் பையன் ரிச்சர்டுக்கு அப்போது எட்டு வயது.

 சாப்பாட்டுக்கு மணியடித்து அரை மணி நேரம் ஆகிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாரன் போனது சரி என்று வாதாட விரும்புகிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். வணக்கம்.